வயிற்றுத் தசைகளின் தோற்றமும் உடல்நலமும்: ஓர் உடற்றொழிலியல் நோக்கு

மனித உடலின் அழகு பற்றிய கருத்து காலத்திற்குக் காலம், நாட்டிற்கு நாடு வேறுபட்டு வந்துள்ளது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பி பொலிக்கிளீற்றசு வடித்த ஈட்டியேந்திய வீரனின் மூலச் சிலை மறைந்துவிட்டபோதிலும், உரோமர் காலத்துப் படிகளில் அவ்வீரனின் வயிற்றுத் தசைகள் வரம்பிட்ட பாத்திகள் போலப் பிரிந்து நிற்பதை இன்றும் காணலாம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலோ வயிறு மழமழப்பான ஒரே பரப்பாக அமைந்துள்ளது. தசைக்கோடுகளுக்கு அங்கு இடமில்லை. 1901ஆம் ஆண்டு செப்ரெம்பர் 14ஆம் நாள் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் யூஜின் சாண்டோ என்பார் நடத்திய உடலமைப்புப் போட்டி, கிரேக்கரின் இலட்சியத்திற்கு நவீன காலத்திலே புத்துயிர் அளித்தது எனலாம். துப்பறியுங் கதைகளால் புகழ்பெற்ற ஆதர் கொனன் டொயில் அப்போட்டியின் நடுவர்களுள் ஒருவராக இருந்தார்.

அந்த இலட்சியமே இன்று திரைப்படங்களின் வாயிலாகவும் கைத்தொலைபேசியின் வாயிலாகவும் நம் இளைஞரை வந்தடைந்துள்ளது. 'சிக்ஸ் பேக்' என்று அவர்கள் குறிப்பிடும் ஆறு கட்டுத் தசையைப் பெறும்பொருட்டு நாள்தோறும் நூற்றுக்கணக்கான தடவை மல்லாந்து படுத்து எழும்புவோர் உளர்; சோற்றை முற்றாக விலக்குவோர் உளர்; மாவும் மாத்திரையும் வாங்கி உண்போரும் உளர். இவர்களுடைய தந்தையரோ நாற்பது வயதிற்குமேல் வயிறு பருத்தலை இயல்பான ஒன்றாகவும், சிலவேளை வசதியான வாழ்வின் அடையாளமாகவும் ஏற்றுக்கொள்கின்றனர். ஒரே வீட்டில் காணப்படும் இவ்விரு மனப்பாங்குகளும் ஒரே அறியாமையிலிருந்து எழுவன. வயிற்றிலே கொழுப்பு எங்குச் சேருகின்றது, எவ்வாறு அகல்கின்றது, எந்தக் கொழுப்பு தீங்கு விளைக்கின்றது என்பவற்றை அறிந்தால், மகனின் முயற்சி நெறிப்படும்; தந்தையின் அலட்சியமும் நீங்கும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தசையின் அமைப்பு

வயிற்றின் முன்சுவர் நான்கு சோடித் தசைகளால் முதன்மையாக ஆக்கப்பட்டுள்ளது. பக்கங்களில் புறச் சாய்தசை, அகச் சாய்தசை, குறுக்குத்தசை ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. நடுவில், இடுப்பு வளையத்தின் முற்புற என்பிலிருந்து புறப்பட்டு, ஐந்தாம், ஆறாம், ஏழாம் விலா என்புகளின் கசியிழையங்களையும் மார்புப்பட்டையின் கீழ்நுனியையும் சென்றடையும் நீண்ட பட்டை போன்ற தசை, வயிற்று நேர்த்தசை எனப்படும். வலப்புற நேர்த்தசையையும் இடப்புற நேர்த்தசையையும் வெண்கோடு எனும் நார்ப்பட்டை நடுவே பிரிக்கின்றது.

நேர்த்தசையைக் குறுக்காக ஊடறுத்துப் பொதுவாக மூன்று நார்க்கோடுகள் செல்கின்றன. அவற்றுள் ஒன்று கொப்பூழின் மட்டத்திலும், ஒன்று மார்புப்பட்டையின் கீழ்நுனியருகிலும், மற்றையது இவ்விரண்டிற்கும் இடையிலும் அமையும். தசை பருக்கும்போது இக்கோடுகள் பருப்பதில்லை. ஆகவே கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகள் மேடுகளாகவும் கோடுகள் பள்ளங்களாகவும் தோன்றுகின்றன. இத்தோற்றமே 'கட்டு' எனப்படுவது.

இக்கோடுகளின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றன்று. சிலருக்கு இரண்டும், சிலருக்கு நான்கும் உண்டு. இடப்புறக் கோடும் வலப்புறக் கோடும் ஒரே மட்டத்தில் அமையாதோரும் பலர். இவையாவும் பிறப்பிலேயே அமைவன. எந்தப் பயிற்சியும் நான்கு கட்டை ஆறாகவோ, ஆறு கட்டை எட்டாகவோ மாற்றவியலாது. மேலும், இத்தசையமைப்பு பயிற்சி செய்தோர்க்கு மட்டும் உரியதன்று. வயிறு பருத்த வணிகரிடத்தும் மெலிந்த மாணவரிடத்தும் இது உள்ளது. அதனை மறைத்து நிற்பது தோலின்கீழுள்ள கொழுப்புப் படையாகும். ஆண்களில் உடலின் மொத்தக் கொழுப்பு உடல் நிறையில் ஏறத்தாழ 10 முதல் 12 வீதம் வரை குறைந்தாலன்றி இக்கோடுகள் தெளிவாகத் தோன்றுவது அரிது. பெண்களுக்கு இனப்பெருக்கத் தொழிலின்பொருட்டு இயல்பாகவே கூடிய கொழுப்பு இன்றியமையாதது. ஆணுக்கு உயிர்வாழ்வதற்கு வேண்டிய குறைந்தபட்சக் கொழுப்பு ஏறத்தாழ 3 வீதமாக, பெண்ணுக்கு அது ஏறத்தாழ 12 வீதமாகக் கணிக்கப்பட்டுள்ளது. ஆதலால் ஆணின் அளவுகோலைப் பெண்ணுக்குப் பொருத்துவது உடற்றொழிலியலுக்கு முரணாகும்.

கொழுப்பு எவ்வாறு அகல்கின்றது?

உண்ட உணவின் சக்தி உடலின் தேவையை விஞ்சும்போது, எஞ்சியது முக்கிளிசரைட்டாகக் கொழுப்பிழையத்தின் கலங்களிலே சேமிக்கப்படுகின்றது. தேவை விஞ்சும்போது அது கொழுப்பமிலமாகவும் கிளிசரோலாகவும் பிரிந்து, குருதியோடு கலந்து, தசை முதலிய உறுப்புகளை அடைந்து எரிக்கப்படுகின்றது. அவ்வாறு எரிந்த கொழுப்பு எங்கே செல்கின்றது என்று வினவினால், வியர்வையாகச் செல்கின்றது என்றும், தசையாக மாறுகின்றது என்றும் பலர் விடையிறுப்பர். இரண்டும் தவறு. 2014இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் மீர்மனும் பிறவுணும் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். 10 கிலோகிராம் கொழுப்பு முற்றாக எரிவதற்கு 29 கிலோகிராம் ஒட்சிசன் வேண்டும்; அதன் விளைவாக 28 கிலோகிராம் காபனீரொட்சைட்டும் 11 கிலோகிராம் நீரும் உண்டாகும். கொழுப்பின் பங்கினை மட்டும் நோக்கின், 8.4 கிலோகிராம் மூச்சுவழிக் காபனீரொட்சைட்டாகவும் 1.6 கிலோகிராம் நீராகவும் வெளியேறுகின்றது. இழந்த கொழுப்பின் பெரும்பகுதி நாம் வெளிவிட்ட மூச்சே என்பது மனங்கொள்ளத்தக்கது. இடுப்பில் இறுகப் பட்டி கட்டி வியர்ப்பதனால் இழக்கப்படுவது நீர். ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் அது மீண்டுவிடும்.

ஒரு கிலோகிராம் கொழுப்பிழையம் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி சக்தியைக் கொண்டது. நாள்தோறும் 500 கிலோகலோரி குறைவாக உண்பவர் தொடக்கத்தில் வாரத்திற்கு அரைக் கிலோகிராம் அளவில் இழப்பார். ஆயின் இந்த வேகம் நிலைப்பதில்லை. உடல் மெலியமெலிய அதன் சக்தித் தேவையும் குறைகின்றது. ஆதலால் முதல் மாதத்தின் வேகத்தை ஆறாம் மாதத்திலும் எதிர்பார்த்து ஏமாறுவதற்குக் காரணம் இல்லை.

ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் குறைக்க இயலுமா?

வயிற்றுக்குப் பயிற்சி கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பே கரையும் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது. இதனைச் சோதித்த ஆய்வுகள் சிலவற்றை ஈண்டு நோக்குவாம்.

1971இல் வெளியான ஓர் ஆய்வில் ரெனிஸ் ஆட்டக்காரரின் இரு கைகளும் அளக்கப்பட்டன. பல்லாண்டுகளாக ஒரு கையையே மிகுதியாகப் பயன்படுத்தியமையால் அக்கை பருத்திருந்தது. எனினும் அதன் தோலின்கீழ்க் கொழுப்பு மற்றைக் கையினதிலும் மெலிந்ததாக இருக்கவில்லை. 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் தெளிவானது. 13 ஆடவர் 27 நாள்களில் ஒவ்வொருவரும் மொத்தம் 5,004 தடவை படுத்து எழும்பினர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய மூவிடங்களிலும் கொழுப்புக் கலங்கள் எடுத்து ஆராயப்பட்டன. கலங்கள் சுருங்கியமை மூவிடங்களிலும் ஒத்திருந்தது. வயிற்றுக்குத் தனிச் சலுகை எதுவும் கிட்டவில்லை. 2011இல் 24 பேரைக்கொண்டு ஆறு வாரம் நடத்தப்பட்ட சோதனையிலும் வயிற்றுப் பயிற்சியால் மட்டும் வயிற்றுக் கொழுப்புக் குறையவில்லை. தசையின் தாங்குதிறன் மாத்திரமே கூடியது.

காரணம் எளிது. தசைக்கு வேண்டிய எரிபொருள் அதன் அயலிலுள்ள கொழுப்பிலிருந்து நேரே ஊட்டப்படுவதன்று. முழு உடலுக்கும் பொதுவான குருதி வழியாகவே பெரும்பாலும் வருகின்றது. எவ்விடத்துக் கொழுப்பு முதலில் அகலும், எவ்விடத்தது இறுதியில் அகலும் என்பதனைப் பரம்பரையும் பாலும் ஓமோன்களும் தீர்மானிக்கின்றன. ஆடவர் பலருக்கு இறுதியில் அகல்வது கொப்பூழின் கீழுள்ள கொழுப்பாகவே இருப்பது அவர்தம் மனச்சோர்விற்குக் காரணமாகின்றது.

காணும் கொழுப்பும் காணாக் கொழுப்பும்

இதுவரை கூறியது தோலின்கீழுள்ள, விரல்களாற் பற்றக்கூடிய கொழுப்பு பற்றியதாகும். வயிற்றுத் தசைச் சுவருக்கு உட்புறத்தே, குடலைச் சூழ்ந்து சேரும் மற்றொரு கொழுப்பும் உண்டு. இதனைக் கண்ணாற் காணவும் விரலாற் பற்றவும் இயலாது. 1980களின் தொடக்கத்தில் கணினிவழிக் குறுக்குவெட்டுப் படங்களைக்கொண்டு யப்பானிய ஆய்வாளர் இதனைத் தனியே அளந்து காட்டினர். இக்கொழுப்பிலிருந்து பெருமளவு வெளிப்படும் கொழுப்பமிலங்கள் ஈரல் வாயினாளம் வழியாக நேரே ஈரலை அடையக்கூடியன. ஈரலிற் கொழுப்புப் படிதல், இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காமை, நீரிழிவு, இதயநோய் என்பவற்றோடு இக்கொழுப்பு நெருங்கிய தொடர்புடையது.

இவ்விருவகைக் கொழுப்பின் வேறுபாட்டினை 2004இல் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஒரு சோதனை நன்கு விளக்குகின்றது. பருத்த உடலினரான 15 பெண்களின் வயிற்றுத் தோலின்கீழிருந்து சத்திரசிகிச்சை மூலம் சராசரியாகப் பத்துக் கிலோகிராம் அளவில் கொழுப்பு உறிஞ்சி அகற்றப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வாரங்களின் பின் சோதித்தபோது, வயிறு சிறுத்திருந்தும் இன்சுலினின் செயற்பாடு, குருதியமுக்கம், குருதிக் கொழுப்பு என்பவற்றில் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. தோற்றம் மாறிற்று, நோய்க்கு ஏதுவானவை மாறவில்லை. உணவாலும் உழைப்பாலும் எடையைக் குறைக்கும்போதோ உட்கொழுப்பும் குறைகின்றது. எடை குறையாதவிடத்தும் ஒழுங்கான உடற்பயிற்சியால் உட்கொழுப்புக் குறைதல் பல ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது.

தென்னாசிய மக்களாகிய நமக்கு இது தனிப்பட்ட முறையில் முக்கியமானது. 2004இல் இந்திய மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம் இருவரின் நிழற்படத்தை ஒரு மருத்துவ ஏட்டில் அருகருகே வெளியிட்டனர். இருவரதும் உடற்றிணிவுச் சுட்டி 22.3 ஆகும். ஆயின் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கினது 21.2 வீதம். மெலிந்த தோற்றத்தினுள் கொழுப்பு ஒளிந்திருக்கும் இந்நிலை பிறப்பிலேயே தொடங்குகின்றது. புனே வட்டாரத்துக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு நிறை 2.7 கிலோகிராமாகவும் இங்கிலாந்தின் சவுதாம்ரன் குழந்தைகளினது 3.5 கிலோகிராமாகவும் இருந்தன. புனேக் குழந்தைகளுக்குத் தசையிலே பெருங்குறை காணப்பட்டது. தோலின்கீழ்க் கொழுப்பிலோ அத்துணைக் குறை இல்லை.

இவற்றைக் கருத்திற்கொண்டே தென்னாசியருக்கு இடைச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என அனைத்துலக நீரிழிவுச் சம்மேளனம் வகுத்தது. ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94 சென்ரிமீற்றர் ஆகும். இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வு, 20 வயதிற்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினர் நீரிழிவுடையோர் எனக் கண்டது. பத்தில் ஒருவர் எனும் இக்கணக்கு, வயிறு பருத்தலை வசதியின் அடையாளமாகக் கொள்வோர் சிந்திக்கவேண்டிய ஒன்றாகும்.

உணவு

வயிற்றுக்கென்று தனி உணவு எதுவும் இல்லை. கொழுப்பு குறைவதற்கு மொத்தச் சக்தி குறையவேண்டும். தசை காக்கப்படுவதற்குப் புரதம் குறையாதிருக்கவேண்டும். இவ்விரண்டுமே அடிப்படை விதிகள்.

நமது உணவிற் சக்தியின் பெரும்பங்கு சோறு, புட்டு, இடியப்பம், பாண் ஆகியவற்றின் காபோவைதரேற்றிலிருந்து வருகின்றது. 100 கிராம் சோறு ஏறத்தாழ 130 கிலோகலோரி தரும். சோறு நஞ்சன்று, குவியலே இடர் விளைக்கின்றது. கோப்பையில் சோற்றைப் பாதியாக்கி, அவ்விடத்தைக் கீரை, காய்கறி, பருப்பு, மீன் என்பவற்றால் நிரப்பினால் வயிறும் நிறையும், சக்தியும் குறையும். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கிலோகலோரி அளவு உண்டு என்பதனால், சம்பலும் பாற்கறியும் ஒரே வேளையில் சேர்தலைத் தவிர்ப்பது நன்று.

கண்ணுக்குப் படாத சக்தி தேநீரிலும் உள்ளது. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 20 கிலோகலோரி. கோப்பைக்கு இரண்டு கரண்டியாக நாளுக்கு நான்கு கோப்பை அருந்துவோர் சீனியால் மட்டும் 160 கிலோகலோரி பெறுகின்றனர். 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் அரைமணி நேரம் விரைந்து நடந்து செலவிடுவது ஏறத்தாழ 105 கிலோகலோரியே. நடையை விடாது சீனியையும் குறைப்பவர் விரைவிற் பயனடைவார் என்பது இதனாற் பெறப்படும்.

புரதத்தைப் பொறுத்தவரை, சாதாரண வாழ்விற்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமிற்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் போதியதாகக் கொள்ளப்படுகின்றது. தசைப் பயிற்சி செய்வோர்க்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை பயன் தருவதாக 2018இல் தொகுக்கப்பட்ட ஆய்வுகள் காட்டின. 60 கிலோகிராம் நிறையுடையவருக்கு இது 96 கிராம் ஆகும். ஒரு முட்டையில் 6 கிராமும், 100 கிராம் மீனில் 20 கிராமளவும், சமைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராமளவும் புரதம் உண்டு. மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை, சோயா, பால் என்பவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்பவருக்கு விலையுயர்ந்த புரத மா இன்றியமையாததன்று.

பயிற்சி

வயிற்றுத் தசைகளின் தொழில் உடலை மடக்குவது மட்டுமன்று. முதுகெலும்பு அசையாது தாங்குவதும், பாரம் தூக்கும்போது நடுவுடலை இறுக்கிப் பிடிப்பதும் அவற்றின் பணியேயாகும். எனவே நூற்றுக்கணக்கில் படுத்து எழும்புவதைவிட, தாங்கும் பயிற்சிகள் முதுகிற்குப் பாதுகாப்பானவை. முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் நிலத்தில் ஊன்றி, தலை முதல் குதிகால் வரை உடலைப் பலகைபோல் நேராக வைத்திருத்தல் அவற்றுள் எளியது. ஒரு முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் அவ்வாறே நிற்றல் சாய்தசைகளுக்கு உகந்தது. அமெரிக்கக் கடற்படை தனது உடற்றகுதித் தேர்வில் படுத்து எழும்புவதை நீக்கி 2021இல் இப்பலகைப் பயிற்சியைச் சேர்த்தமை குறிப்பிடத்தக்கது.

நேர்த்தசை பருத்து மேடுகளாகத் தெரிவதற்கு, ஏனைய தசைகளைப் போலவே, படிப்படியாகக் கூடும் பாரம் வேண்டும். எட்டு முதல் பதினைந்து தடவையில் தசை களைப்புறும் அளவிற் பயிற்சியைக் கடினமாக்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் செய்து, இடைநாள்களில் ஓய்வளித்தல் போதுமானது. இதனோடு தண்டால், குந்தி எழும்புதல், பாரந்தூக்கல் ஆகிய முழுவுடற் பயிற்சிகளும் சேரவேண்டும்; பெருந்தசைகளைக் காப்பவை அவையே. 2020இல் உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளேனும் தசைப் பயிற்சியும் விதந்துரைத்தது. வயலிலும் கடலிலும் உழைத்த நம் முன்னோர்க்கு இவ்விதி வேண்டியிருக்கவில்லை. மேசையின்முன் அமர்ந்து தொழில் செய்யும் தலைமுறைக்கு அது தேவையாயிற்று.

எல்லை கடத்தலின் கேடுகள்

கொழுப்பை இழக்கும் ஆசை எல்லை மீறுமிடத்து உடலும் உள்ளமும் கேடுறும். 1944, 1945ஆம் ஆண்டுகளில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீசு நடத்திய சோதனையில், உடல்நலமுள்ள 36 இளைஞர் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்து தம் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தனர். அவர்களது இதயத்துடிப்புத் தளர்ந்தது, உடல் குளிர்ந்தது, எந்நேரமும் உணவே நினைவாயிற்று, மனச்சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. கடும் பட்டினியால் 'கட்டு' தேடுவோர் பலர் இக்குணங்களைத் தம்மிடத்தே காண்கின்றனர். அவை மனவலிமைக் குறைவால் எழுந்தவை எனத் தம்மையே நொந்துகொள்கின்றனர். உண்மையில் அவை பட்டினிக்கு உடல் அளிக்கும் மறுமொழியாகும். போதிய சக்தி கிட்டாத பெண்களில் மாதவிடாய் நின்றுபோதலும் என்பு நலிதலும் உண்டாகும். ஆண்களில் ஆண்மை ஓமோன் குறையும்.

மருந்துகள் இன்னும் கொடியவை. டைநைத்திரோபீனோல் எனும் இரசாயனம் 1933 முதல் அமெரிக்காவில் மெலிவதற்கெனப் பரவலாக உண்ணப்பட்டது. அது உடலின் சக்தியை வெப்பமாக வீணாக்குவது. கண்புரையால் பார்வை இழந்தோரும், உடல் கொதித்து மாண்டோரும் பலராயினமையால் 1938இல் அது மனிதர் உண்ணத்தகாததென அங்கு விலக்கப்பட்டது. எனினும் உடலமைப்பு நாடுவோர்க்கு மறைவாக விற்கப்பட்டு இந்நூற்றாண்டிலும் உயிர்களைக் குடித்துள்ளது. நீரை இழந்து எடை குறைத்தலும் அவ்வாறே. 1997 இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்லர் மூவர் ஆறு வாரத்திற்குள் இம்முறையால் உயிரிழந்தனர். மேடையிலும் படத்திலும் காணும் தசைக்கோடுகளிற் பல, சில நாள்களுக்கென வருத்திப் பெறப்பட்டவை என்பதனை இளைஞர் அறிதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். வயிற்றுக் கட்டுகளின் எண்ணிக்கையும் ஒழுங்கும் பிறப்பாலமைவன. அவை வெளித்தோன்றுவது முழு உடலின் கொழுப்புக் குறைவதனாலாகும். வயிற்றுப் பயிற்சி தசையை வளர்க்குமேயன்றி அதன்மேலுள்ள கொழுப்பைத் தேர்ந்து கரைக்காது. நலத்தைத் தீர்மானிக்கும் கொழுப்பு கண்ணாடியில் தெரியாத உட்கொழுப்பாகும்.

இவ்வுண்மை ஊக்கமளிப்பதொன்று. கோடுகள் தோன்றும் நிலையை எட்டாதவருங்கூட, அந்நெறியிற் சிறிது தூரம் சென்றாலே பெரும்பயன் அடைவர். 2006இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேர் பங்குபற்றினர். உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்துகொண்டோரிடத்து நோய் தோன்றும் வாய்ப்பு மூன்றாண்டளவில் 28.5 வீதத்தாற் குறைந்தது. அவர்களிடம் எவரும் ஆறு கட்டுத் தசையைக் கோரவில்லை.

ஆகவே தந்தையும் மகனும் பயன்படுத்தத்தக்க கருவி ஒன்றே: தையற்காரரின் அளவுநாடா. கீழ் விலா என்பிற்கும் இடுப்பென்பின் மேல்விளிம்பிற்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், நாடாவை இறுக்காது சுற்றி அளத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை அவ்வளவைக் குறித்து வருபவர், தம் வயிற்றினுள்ளே கண்ணுக்குப் புலப்படாது நிகழ்வதனைக் கண்ணாடி காட்டுவதிலும் தெளிவாக அறிவர். அவ்வளவு குறைந்து, வலிமை கூடி, ஒருநாள் கோடுகளும் தோன்றுமாயின் மகிழலாம். தோன்றாவிடினும் முயற்சியின் பயன் முன்னரே கைவந்ததாகும்.